பின்சீற்றில் மாதா

றோசலினை நான் வேண்டுமென்றே அலைக்கழிக்கிறேன் என்று சில வாசகியர் கோபித்து எழுதியிருக்கிறார்கள். நான் அலைக்கழிக்கவில்லை. அவள் தானாகவே அலைகிறாள். எழுதுகிற எனக்கும் அவளைப் பார்த்தால் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

விட்ட இடத்தை ஞாபகப்படுத்திவிடுகிறேன். ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் நம் கத்தோலிக்க சனத்துக்குள் எந்தக் காரியம் என்றாலும் முதலில் அடிப்பது றோசலினின் போன். செத்த வீட்டுச் சாப்பாடா, திருநாளா, கார் ஓடத் தெரியாத வயசாளிகளைப் பூசைக்கு ஏற்றி இறக்குவதா, கூப்பிடு றோசலினை. மகள் ஷரோனின் பட்டமளிப்பு நாளிலும் யாரோ ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்காகக் கோயில் ஹோல் குசினியில் நின்றாள். ஷரோன் மேடையில் ஏறி இறங்கியதைத் தகப்பன் நீக்கிலாஸ் மட்டும்தான் பார்த்தார். அந்தக் கோடையிலேயே ஷரோன் ஒஷாவாவில் வேலை எடுத்து, அறை பார்த்துப் போய்விட்டாள். கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்டாள்.

இப்போது ஒக்ரோபர், செபமாலை மாதம். கோயிலில் இருக்கிற மாதா சுருவம், அதாவது மாதாவின் சிலை, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போய்த் தங்கும். இன்று யார் வீடு என்று செபக்குழுவின் வட்ஸ்அப் குறூப்பில் அறிவிப்பதும், சுருவத்தைக் காரில் ஏற்றி இறக்குவதும், செபமாலையைத் தொடங்கி வைப்பதும் றோசலினின் வேலை. இத்தனை வருடத்தில் அந்த மாதா அவளுடைய வீட்டில் ஒரு இரவாவது தங்கியதில்லை. அவளுடைய முறை வரும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். அவளும் கொடுத்துவிடுவாள்.

இந்த வருடம் நீக்கிலாஸ் விடவில்லை. "சனிக்கிழமை எங்கட வீடு. நான், நீ, பிள்ளை. வேற ஒரு குஞ்சும் இல்லை," என்று சொல்லிவிட்டார். ஷரோனும் போனில் ஒத்துக்கொண்டாள். "அம்மா உண்மையா வீட்டில இருப்பாவெண்டா வாறன் அப்பா. வேற ஆக்கள் வந்தா நான் வாறேல்லை. ஜஸ்ற் அஸ்."

றோசலினுக்கும் அந்தச் சனிக்கிழமை வேண்டியிருந்தது. ஒருவருக்கும் சொல்லாத ஒரு சங்கடம் அவளுக்குள் இருந்தது. சில மாதங்களாக அவளால் செபிக்க முடியவில்லை. ஊர் வீடுகளிலெல்லாம் செபமாலை சொல்லுவது அவள்தான். ஆனால் வாய் மந்திரம் சொல்லும்போது மனம் கதிரை போதுமா, தேத்தண்ணி ஆறிவிட்டதா என்று ஓடும். மகளோடு ஒரு மேசையில் இருந்து, ஒருவருக்கும் எதுவும் பரிமாறாமல், ஒரு செபமாலை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

காலையில் மிசிசாகாவுக்குப் போய், முந்தின இரவு மாதா தங்கிய மாக்கஸ் வீட்டில் இருந்து சுருவத்தை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வருவது திட்டம். திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான்.

மாக்கஸின் மனைவி நடாஷா வாசலிலேயே மறித்தாள்.

"சாப்பிடாமப் போறதோ அக்கா? இடியப்பம் சுடச்சுட இருக்கு."

"இண்டைக்கு ஏலாது நடாஷா. நேர வீட்டை போகவேணும். பிள்ளை வாறாள்."

"அப்ப ரெண்டு பெட்டியில கட்டித் தாறன். கொஞ்சம் இருங்கோ. சம்பல் இப்பதான் அரைக்கிறன்."

கொஞ்சம் என்பது நம்மவர்களின் வீட்டில் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். சம்பல் அரைத்து, அதைக் கட்டி, வெளிக்கிடும் நேரத்தில் தேத்தண்ணியும் வந்துவிட்டது. தேத்தண்ணியை மறுத்தால் நடாஷாவின் முகம் சுருங்கும். குடித்தாள்.

மாக்கஸ் சுருவத்தைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தான். சின்னப் பிள்ளையின் உயரம்தான் இருக்கும். கையும் முகமும் அடிபடாமல் படுக்கை விரிப்பு ஒன்றால் சுற்றி, பின்சீற்றில் இருத்தி, பெல்ற் போட்டான்.

"மாதாவுக்கு ஒரு பேபி சீற் வாங்கவேணும் அக்கா."

"பகிடி விடாத. கழுத்தடியில பெல்ற் அழுத்துது பார்."

காரில் ஏறியதும் போனை எடுத்தாள். சுருவத்தை ஏற்றினால் அடுத்ததாக அவள் கை செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. குறூப்பைத் திறந்து, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, வழக்கமான குரலில் சொன்னாள். "அன்பானவர்களே, இண்டைக்கு மாதா றோசலின் வீட்டில. ஆறரைக்குச் செபமாலை. எல்லாரும் குடும்பமா வாங்கோ." அனுப்பினாள். போனை வைத்தாள். காரைப் பின்னுக்கு எடுத்தாள்.

ஆம், அதைத்தான் செய்தாள். ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். வீட்டின் பெயர் மட்டும்தான் மாறும். இந்த முறை அது தன்னுடைய வீடு என்பதோ, அந்த வீட்டுக்கு ஒருவரும் வரக்கூடாது என்பதோ அவளுக்கு உறைக்கவே இல்லை. எழுதிக்கொண்டிருந்த நான்தான் தலையில் கை வைத்தேன்.

ஹைவேயில் ஏறும்முன் போன் அடித்தது. பார்க்டேலில் இருக்கிற அகஸ்ரின் அங்கிள். எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கிய அதே கட்டடத்தில், மனைவி செத்த பிறகும் தனியாக இருக்கிறவர். பிள்ளைகள் வேறு மாகாணத்தில்.

"பிள்ளை றோசலின், உங்க எங்கயும் கிட்டடியில நிக்கிறீரோ?"

"மிசிசாகாவில நிக்கிறன் அங்கிள்."

"அப்ப போற வழிதானே. லிஃப்ற் பழுதாப்போச்சு. முழங்கால் ஏலாது. கீழ பாமசியில என்ர மருந்து இருக்கு. ஒருக்கா எடுத்து மேல கொண்டுவந்து தந்தீரெண்டாப் போதும். அதோட பாலும் பாணும்."

இண்டைக்கு ஏலாது அங்கிள், நாளைக்கு வாறன். இந்த அஞ்சு சொல் அவளுக்கு வாயில் வரவில்லை. மருந்து என்கிறாரே. மருந்துக்கு எப்படி நாளைக்கு என்பது? "வாறன் அங்கிள்," என்றாள். சொன்ன உடனேயே தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு ஹைவேயில் வேகமாக ஓட்டினாள். வேகமாக ஓட்டி என்ன? பாலத்தடியில் வீதி வேலை நடந்தது. ரொறன்ரோவில் எப்போதுதான் நடக்கவில்லை?

நீக்கிலாஸ் போனில் கூப்பிட்டார். "எங்க நிக்கிறாய்?"

"வந்துகொண்டிருக்கிறன்."

"வந்துகொண்டிருக்கிறாய் எண்டா எங்க?"

"ரோட்டில தானப்பா."

"நான் மேசையில வெள்ளைத்துணி விரிச்சு மெழுகுதிரியும் வைச்சிட்டன். ஷரோன் பின்னேரம் வெளிக்கிடுவாளாம். றோசா, இண்டைக்கு மட்டும் எனக்குக் கதை சொல்லாத."

அவள் போனை வைத்துவிட்டுப் பார்க்டேலுக்குத் திரும்பினாள்.

மருந்தையும் பாலையும் பாணையும் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். காரில் மாதாவைத் தனியாக விட்டுவந்தது நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. அங்கிள் கதவைத் திறந்ததும், மூச்சு வாங்கியபடி, "நான் நிக்கேலாது அங்கிள். கீழ காரில மாதா இருக்கிறா," என்று சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது.

"மாதாவோ? கீழயோ?" அங்கிள் அப்போதே சால்வையைத் தேடத் தொடங்கினார். "அவ கீழ நிக்க நான் மேல இருக்கிறதோ?"

"உங்கட முழங்கால் அங்கிள்."

"முழங்கால் கிடக்கட்டும்."

ஒரு கையில் கைபிடி, மறு கையில் றோசலினின் தோள். ஒவ்வொரு தட்டிலும் நின்று, இளைப்பாறி, அடுத்த கிழமை கண் டொக்டரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லி, அவர் இறங்கி முடிக்கும்போது றோசலினுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இந்த மனுசனைத் திரும்ப மேலே ஏற்றவும் வேண்டும். அதையும் அவள்தான் செய்ய வேண்டும்.

அங்கிள் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி மாதாவுக்குப் பக்கத்தில் இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

றோசலின் நடைபாதையில் நின்றாள். கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். அங்கிள் சுற்றியிருந்த துணியை மெல்ல விலக்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். உதடு அசையவில்லை. செபமாலையைக்கூட எடுக்கவில்லை. சும்மா இருந்தார். குளிர்காற்று அடித்தது. பார்க்கிங் காவலர் ஒருவர் வீதியின் அந்த மூலையில் நின்று கார்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் தட்டலாமா என்று கையைத் தூக்கியவள், தட்டாமலே கையை இறக்கினாள்.

அவளுக்கு வந்தது பொறாமை. வேறு பெயர் சொல்லி அதை மூட எனக்கு விருப்பமில்லை. இந்த மாதாவை மாதம் முழுக்கச் சுமப்பவள் அவள். ஏற்றுகிறாள், இறக்குகிறாள், பெல்ற் போடுகிறாள். ஒரு தடவையாவது பக்கத்துச் சீற்றில் இருந்தாளா? இப்போதும் உள்ளே இருப்பவர் வேறு ஒருவர். அவள் வெளியே, காருக்குக் காவல்.

கதவு திறந்தபோது அங்கிளின் முகம் கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது.

"நீர் குடுத்துவைச்சனீர் பிள்ளை. ஒவ்வொரு நாளும் அவவோட போறீர்."

"நான் ரோட்டைப் பாத்துக்கொண்டு போறன் அங்கிள்," என்றாள் றோசலின். குரல் கொஞ்சம் சூடாகவே வந்தது. அங்கிளுக்கு அது விளங்கவில்லை. கண் டொக்டர் செவ்வாய்க்கிழமை என்று மறுபடியும் ஞாபகப்படுத்தினார்.

அவரை மேலே ஏற்றிவிட்டுத் திரும்பி, காரை எடுத்துக் கொஞ்ச தூரம் போவதற்குள் பேனாட் அண்ணை போனில் கூப்பிட்டார். பேனாட் அண்ணை செபக்குழுவின் செயலாளர். நல்ல மனுசர். நல்ல வேலைகளை எப்போதும் மற்றவர்களைக்கொண்டு செய்விக்கிறவர்.

"தங்கச்சி, தேத்தண்ணியோட குடுக்க றோல்ஸ் எவ்வளவு சொன்னனீங்கள்?"

"என்ன றோல்ஸ் அண்ணை?"

"இண்டைக்கு உங்கட வீட்டுக்கு. குறூப்பில எல்லாரும் கும்பிடுற கை போட்டிருக்கினம். ஐம்பது பேராவது வருவினம் போல. முதல்முறையா உங்கட வீட்டில எண்டு சனத்துக்கு நல்ல சந்தோசம்."

றோசலினுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. காலையில் தன் வாயால் சொன்னது அப்படியே காதில் திரும்பக் கேட்டது. இந்த வாய்க்கு ஒரு பூட்டு விற்றால் வாங்கிப் போடலாம் என்று நினைத்தாள். காரை ஓரங்கட்டினாள்.

"அண்ணை, அது பிழையாப் போட்டிட்டன். இண்டைக்கு ஒருத்தரும் வர வேண்டாம். நாங்கள் வீட்டுக்காரர் மட்டும்தான். நீங்கள் ஒருக்கா எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ."



"அதெப்பிடித் தங்கச்சி? மாதா வாற வீட்டுக் கதவைப் பூட்டுறதோ? இதுவரைக்கும் ஆராவது அப்பிடிச் செய்திருக்கினமோ? சனம் என்ன சொல்லும்?"

"என்ர பிள்ளை கனநாளைக்குப் பிறகு வாறாள் அண்ணை."

"வரட்டுமே. நல்லதுதானே. சனத்தோட சனமா இருந்து செபிக்கட்டும். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. தேத்தண்ணியும் ஏதாவது கடியும் போதும். சேவை எண்டா இப்பிடித்தான் தங்கச்சி. எங்கட அலுவலைப் பாத்தாச் சரிவராது. நாளைக்குத் திருநாள் சாப்பாட்டுக்கும் நீங்கள்தானே குசினி. பங்குச் சுவாமியும் போன ஞாயிறு உங்களைத்தான் புகழ்ந்தவர்."

அந்தக் கடைசி வசனம் இல்லாதிருந்தால் ஒருவேளை அவள் அடங்கியிருப்பாள்.

"போன ஞாயிறு சுவாமி என்ன பிரசங்கம் வைச்சவர் அண்ணை?"

"என்ன?"

"அந்த ரெண்டு சகோதரியளைப் பற்றி. ஒருத்தி குசினியில நிண்டு மாரடிக்கிறா, மற்றவ ஆண்டவரின்ர காலடியில இருக்கிறா. காலடியில இருந்தவதான் சரி எண்டு சொன்னவர். நான் அதை எங்க நிண்டு கேட்டனான் தெரியுமோ? ஹோல் குசினியில. ஸ்பீக்கரில. கையில சோத்துக் கரண்டி."

"நீங்கள் இப்ப களைச்சுப்போனீங்கள் தங்கச்சி."

"களைச்சுத்தான் போனன். பிரசங்கம் முடிய அவரே பீடத்தில நிண்டு, சமையலுக்கு இன்னும் ஆக்கள் வேணும், றோசலினிட்டைப் பேர் குடுங்கோ எண்டும் சொன்னவர். ஒருத்தரும் தரேல்லை."

"ஆண்டவரும் ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு குடுத்தவர்தானே."

"குடுத்திட்டு என்ன செய்தவர் அண்ணை? சனத்தை வீட்டை அனுப்பிப்போட்டுத் தனிய மலையில ஏறிச் செபிக்கப் போனவர். நீங்கள் என்னை மலைக்கு விடவேண்டாம். வீட்டை போக விடுங்கோ."

பேனாட் அண்ணை இப்படி ஒரு றோசலினைக் கேட்டதில்லை. நானும்தான். ஆனால் அவர் செயலாளர். சட்டென்று விட்டுக்கொடுக்க மாட்டார். "சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது? வீட்டு வாசலுக்கு வாறவையைத் திருப்பி அனுப்புறதோ?" என்று கேட்டார்.

அது நியாயமான கேள்விதான். றோசலினுக்கு வாசலில் நிற்கிற சனம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சால்வையும் செபமாலையுமாக, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அவர்களின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்த அவளால் முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பின்சீற்றைப் பார்த்தாள். அங்கிள் விலக்கிவிட்ட துணி அப்படியே கிடந்தது. மாதா இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனம் றோசலினைப் பார்க்க வரவில்லை. மாதாவிடம் வருகிறது.

"அண்ணை, இண்டைக்கு மாதா உங்கட வீட்டை வாறா. இப்பவே கொண்டாறன். குறூப்பில போடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

சொல்வது சுலபம். ஸ்காபுரோ வரைக்கும் கார் ஊர்ந்த நேரம் முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். இந்த வருடமும் கொடுத்துவிட்டாள். மற்ற வருடங்களில் மற்றவர்கள் கேட்டார்கள். இந்த வருடம் தன் வாயால் கெட்டாள். நீக்கிலாஸ் விரித்து வைத்த வெள்ளைத்துணியில் என்ன வைப்பது? ஆனாலும் பிள்ளை வருவாள். மாதா இல்லாவிட்டாலும் பிள்ளை இருப்பாள். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

பேனாட் அண்ணையின் மனைவி நிலாணி தலையில் எண்ணெயும் தோளில் துவாயுமாகக் கதவைத் திறந்தாள்.

"என்னக்கா இது? இவர் இப்பதான் சொல்லுறார். வீடு கிடக்கிற கிடை தெரியுமோ? கோழி இன்னும் ஐசில கிடக்கு. ஐம்பது பேருக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

"ஒண்டும் குடுக்காதேங்கோ நிலாணி."

"ஒண்டும் குடுக்காமலோ?"

"செபிக்கத்தானே வருகினம்."

நிலாணி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "கேட்டீங்களோ? ஒண்டும் குடுக்க வேண்டாமாம்," என்று சத்தம் போட்டாள். உள்ளே பேனாட் அண்ணை கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் றோசலினுக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இனிமையாகவே இருந்தது.

நடாஷா கட்டித்தந்த இடியப்பத்தை நிலாணியின் கையில் வைத்தாள். சுருவத்தை வைத்துவிட்டு, துணியை எடுத்து மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்சீற்று வெறுமையாக இருந்தது. கார் இலேசாகிவிட்டது போலவும், தான் ஏதோ களவெடுத்துக்கொண்டு போவது போலவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் நீக்கிலாசின் கார் மட்டும் நின்றது.

உள்ளே வரவேற்பறை மூலையில் மேசை. வெள்ளைத்துணி, மெழுகுதிரி, ஒரு சாடியில் செவ்வந்தி. மூன்று கதிரைகள். நீக்கிலாஸ் வேலைக்குப் போகிற சேர்ட் போடாமல், திருநாள் சேர்ட் போட்டுக்கொண்டு ஒரு கதிரையில் இருந்தார்.

"ஷரோன் எங்கயப்பா?"

அவர் போனை எடுத்து மேசையில் வைத்தார். "பாதி வழி, பிக்கரிங் வரைக்கும் வந்தவளாம். காருக்குக் காஸ் அடிக்க நிப்பாட்டின இடத்தில உன்ர மெசேஜைக் கேட்டிருக்கிறாள். குறூப்பில அவள் இன்னும் இருக்கிறாள் எண்டு உனக்குத் தெரியாதோ? திரும்பிப் போயிட்டாள்."

றோசலின் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நான் மாத்திட்டன். மாதாவை பேனாட் அண்ணை வீட்டில விட்டிட்டு வாறன். ஒருத்தரும் வரமாட்டினம்."

"அது எனக்குத் தெரியும், பேனாட் போனில சொன்னவர். அவளுக்குத் தெரியாது. போன் எடுக்கிறாளில்லை." அவருடைய குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். "காலமை வெளிக்கிட்டனி. நேர வந்திருந்தா பன்னிரண்டுக்கு முதல் வீட்டில. உன்ர மெசேஜை நீயே கேட்டு மாத்தியிருப்பாய்."

"அகஸ்ரின் அங்கிளுக்கு மருந்து..."

"அவருக்கு மருந்து. வேற ஆருக்கோ சாப்பாடு. எனக்குத் தெரியும் றோசா. ஒண்டும் பிழையான வேலை இல்லை. ஒண்டுகூட இல்லை. அதாலதான் எனக்கு உன்னோட சண்டையும் பிடிக்கத் தெரியேல்லை."

அவள் கார்த் திறப்பை மறுபடியும் எடுத்தாள். "நான் ஒஷாவாவுக்குப் போறன். நேர போய்க் கதைக்கிறன்."

"இரு."

"இப்ப போனாப் பிடிக்கலாம்."

"றோசா, இரு." அவர் எழுந்து வந்து திறப்பை வாங்கினார். பறிக்கவில்லை; அவள் விரலை ஒவ்வொன்றாக விலக்கி வாங்கினார். "இண்டைக்கு நீ ஓடினது காணும். அவள் உன்னை ஓடி வரச் சொல்லிக் கேக்கேல்லை. வீட்டில இருக்கச் சொல்லித்தான் கேட்டவள்."

அவள் இருந்தாள். கோபத்தில் இருந்தாள். நீக்கிலாஸ் மெழுகுதிரியைக் கொளுத்தினார். மேசையில் சுருவம் இல்லை. செவ்வந்திச் சாடிக்குப் பின்னால் வெறும் சுவர்.

"நீ சொல்லு," என்றார்.

எத்தனையோ வீடுகளில், எத்தனையோ சனத்துக்கு முன்னால், மூச்சு விடாமல் செபமாலை சொன்னவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. சிலுவை அடையாளம் போட்ட கை நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

"எனக்கு வருகுதில்லையப்பா. கனநாளா வருகுதில்லை."

நீக்கிலாஸ் தன் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"ஆண்டவரே," என்றாள் றோசலின். வழக்கமான செபக் குரல் அல்ல. பேனாட் அண்ணையோடு சண்டை பிடித்த குரல். "எனக்கு அலுத்துப்போச்சு. உமக்கெண்டு சொல்லித்தான் எல்லாம் செய்தனான். இப்ப பாத்தா உம்மையும் காணேல்லை, என்ர பிள்ளையையும் காணேல்லை. நான் நல்லாக் களைச்சுப்போனன்."

"ஆமென்," என்றார் நீக்கிலாஸ்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. பிறகு அவள் அழுதாள். எழுந்து குசினிக்குப் போய் மறைந்து அழவில்லை. அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதாள். குசினியில் கழுவ வேண்டிய கோப்பைகள் இருந்தன. அவை அங்கேயே கிடந்தன.

வெளியே இருட்டத் தொடங்கியபோது நீக்கிலாசின் போன் அடித்தது. ஷரோன். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, குறூப்பில பேனாட் அங்கிள் வேற அட்ரஸ் போட்டிருக்கிறார். வட்ஸ் கோயிங் ஒன்? அம்மா எங்க?"

"வீட்டில."

"ஆக்களோ?"

"ஒருத்தரும் இல்லை."

"மாதா?"

"மாதாவும் இல்லை."

"அம்மா மாதாவைக் குடுத்திட்டு வந்து இருக்கிறாவோ? அப்ப அங்க என்ன செய்யிறா?"

நீக்கிலாஸ் மனைவியைப் பார்த்தார். "சும்மா இருக்கிறா."

"சும்மாவோ? அம்மாவோ?"

"ஷரோன்," என்றாள் றோசலின். மூக்கைத் துடைத்தாள். "நான் அந்த மெசேஜைக் கவனிக்காமப் போட்டிட்டன் பிள்ளை."

"ஐ நோ அம்மா. அதுதான் எனக்குக் கவலை. கவனிச்சுப் போட்டிருந்தா எனக்குக் கோவம் மட்டும்தான் வந்திருக்கும். உங்களுக்கு எங்கட ஞாபகமே வரேல்லை."

றோசலின் அகஸ்ரின் அங்கிளின் மருந்தையோ, வீதி வேலையையோ இழுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப வா பிள்ளை. நாங்கள் ரெண்டு பேரும்தான்."

"இல்லை. இண்டைக்கு இனி ஏலாது. ஐ ஆம் டன் வித் டுடே." ஷரோன் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "நாளைக்குக் கோயில்ல திருநாள் சாப்பாடு எல்லோ?"

"ஓம்."

"நீங்கள்தானே குசினி?"

"ஓம்."

"பூசை முடிஞ்சு சனம் ஹோலுக்கு வாற நேரம் நான் வாசல்ல வந்து நிப்பன். உள்ள வரமாட்டன். நீங்கள் ஏப்ரனைக் கழட்டிப்போட்டு வெளிய வரவேணும். எல்லாருக்கும் குடுத்து முடிஞ்ச பிறகு இல்லை. நான் வந்த உடன. மூண்டு பேரும் வீட்டை போவம்."

"சனம் வரிசையில நிக்கும் பிள்ளை."

"நிக்கும்தான்."

றோசலின் நீக்கிலாசைப் பார்த்தாள். அவர் மேசைத்துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். உதவி செய்வதாக இல்லை.

"வருவன்..." என்று தொடங்கினாள்.

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ. அங்கிள்மாருக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லாதேங்கோ."

றோசலின் வாயை மூடினாள். வரிசை அவளுக்குத் தெரிந்தது. கோப்பையோடு நிற்கிற வயசாளிகள் தெரிந்தார்கள். கரண்டியை யார் கையில் கொடுப்பது என்று தெரியவில்லை. ஒருவரும் பெயர் தரவில்லையே. வாசலில் நிற்கிற பிள்ளையும் தெரிந்தாள்.

"போனை வைக்காத ஷரோன். நான் யோசிக்கிறன்."

ஷரோன் வைக்கவில்லை. ஒருவர் கேட்டவுடன் சரி என்று சொல்லிவிடாமல் றோசலின் யோசித்துக்கொண்டிருப்பதை, கல்யாணம் கட்டிய நாளில் இருந்து இன்றைக்குத்தான் நீக்கிலாஸ் பார்த்தார்.